குலசேகரம் பக்கம் ஒரு ‘மலேசியாக்காரர் வீடு’: தங்கிவிட்டு வந்து எழுதுகிறேன்

திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குளித்துவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் நாகர்கோவிலுக்கோ கன்னியாகுமரிக்கோ திரும்பிவிடுகிறார்கள். குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கத்தில் ராத்திரி தங்க நல்ல இடம் இருக்கிறதா என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால், நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த நானே கன்னியாகுமரி லாட்ஜ்களைத்தான் சொல்லி வந்தேன். இனி இந்த வீட்டைச் சொல்வேன். நாலே அறை உள்ள ஒரு ஹோம்ஸ்டே. ஐம்பது வயதுக்கு மேல் மலேசியாவை விட்டு வந்த ஒரு தம்பதி நடத்துகிறார்கள். அம்மா, கணவர், பத்தாவது படிக்கும் மகள், நான் என்று நாலு பேரும் போய்ச் சில நாட்கள் இருந்துவிட்டு வந்தோம். மனசு நிறைந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீட்டின் பெயரையும் போன் நம்பரையும் பொதுவில் போடவேண்டாம் என்று வீட்டுக்கார அக்கா கேட்டுக்கொண்டார். இருப்பது நாலு அறை, கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் இல்லை இல்லை என்று சொல்வது அவருக்குச் சங்கடமாக இருக்கிறதாம். தங்குமிடம் தேடும் செயலிகளில் குலசேகரம் என்று போட்டுத் தேடினால் கண்ணில் படும். நேரில் வருகிறவர்கள் குலசேகரத்தில் எந்த ஆட்டோக்காரரிடமும் ‘மலேசியாக்காரர் வீடு’ என்றால் போதும், கொண்டுவந்து விடுவார்கள்.

முதலிலேயே ஒன்று. இது கன்னியாகுமரி மாவட்டம்தான், ஆனால் கன்னியாகுமரி ஊர் அல்ல. காலையில் எழுந்து சூரிய உதயம் பார்க்கலாம் என்று நினைத்து யாரும் இங்கே அறை போடாதீர்கள். கடற்கரைக்குப் போக ஒன்றரை மணி நேரமாவது ஆகும், மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ மாட்டிக்கொண்டால் இன்னும் கூடும். விவேகானந்தர் பாறையும், வள்ளுவர் சிலையும், 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலமும்தான் உங்கள் பட்டியல் என்றால் அந்த ஊரிலேயே தங்குங்கள். இந்த வீடு மேற்குப் பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு. மாத்தூர் தொட்டிப்பாலம், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், திருநந்திக்கரை குகைக்கோயில், சிதறால் மலை, பேச்சிப்பாறை அணை எல்லாம் இங்கிருந்து பக்கம். பத்மநாபபுரம் அரண்மனைக்கும் போகலாம், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பூட்டியிருக்கும்.

வீடு பழைய ஓட்டு வீடு. அயனிப் பலகையில் மச்சு, நடுவில் சின்ன முற்றம், முன்னால் நீளமான திண்ணை. கீழே ரெண்டு அறை, மேலே ரெண்டு அறை. மேலே போகும் படி பழைய காலத்து மரப்படி, செங்குத்தாக இருக்கிறது, முட்டி வலி உள்ளவர்களுக்கு ஆகாது. கட்டில், மெத்தை, கொசுவலை, மின்விசிறி எல்லாம் சுத்தம். கீழே ஒரு அறையில் மட்டும் ஏசி உண்டு. குளியலறைகளைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், தரை வழுக்காத கல், வயசானவர்கள் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. எங்கள் பக்கத்தில் பெரிய ஹோட்டல்களிலேயே இந்தக் கம்பியை நான் பார்த்ததில்லை. அம்மா முதல் நாளே அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டவங்க நல்ல மனுசங்களாத்தான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

இனி அந்த மனிதர்களைப் பற்றி. வீட்டுக்கார அண்ணா மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருந்தவர், அக்கா அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். ரெண்டு பேருடைய தாத்தா பாட்டிகளும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள். குமரி மாவட்டத்தில் இவர்களுக்கு ஒரு சொந்தமும் கிடையாது. பின்னே ஏன் இங்கே என்று நான் கேட்டேன், இந்தக் கேள்வியை வருகிற எல்லாருமே கேட்பார்கள் போல. அண்ணா திண்ணையிலிருந்து எதிரே இருந்த ரப்பர் மரங்களைக் காட்டினார். அவர் பிறந்தது பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். அப்பா, அம்மா ரெண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். மலேசியாவில் அந்தத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறியபோது குடும்பங்கள் டவுனுக்கு அடுக்குமாடிக்குப் போய்விட்டன. இவர்கள் இருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே செம்பனைதான். பிறகு எப்போதோ கோயில்களைப் பார்க்கத் திருவனந்தபுரத்தில் இறங்கி, இந்த வழியாகக் காரில் போனபோது, விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு அம்மா பால் வெட்டுவதைப் பார்த்திருக்கிறார். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி நின்றிருக்கிறார். “அங்க இல்லாமப் போன எங்க தோட்டம் இங்க இருக்குது” என்று அவர் சொன்னபோது என் கணவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார், நானும்தான்.

கடல் தாண்டி வந்து பால் வெட்டும் கதை இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1964இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த மலையடிவாரத்து அரசு ரப்பர் தோட்டங்களில்தான் வேலை கொடுத்துக் குடியமர்த்தினார்கள். பிறகு 1984இல் அந்தத் தோட்டங்களை எடுத்து நடத்த அரசு ரப்பர் கழகம் வந்தது. அந்தக் குடும்பங்களில் வந்த ஒருவர்தான் இந்த வீட்டுக்கு எதிர்த் தோட்டத்தில் இப்போது வெட்டுக்காரர். அவரும் அண்ணாவும் பேச உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஒருவர் கண்டிக் கதை சொல்லுவார், இவர் பேராக் கதை சொல்லுவார். எங்கள் மகள் வாயைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுற்றிலும் ரப்பர் இருந்தாலும் அதில் ஒரு மரம்கூட இவர்களுடையது இல்லை, இருக்கவும் முடியாது. இவர்கள் மலேசியக் குடிமக்கள், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்துக்கொண்டு இங்கே இருக்கிறார்கள். அந்த அட்டை குடியுரிமை கிடையாது, அதனால் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்ளாத மலேசியாவிலும் பாஸ்போர்ட்டுக்குப் பாதகம் இல்லை. வாழ்நாள் முழுக்க வந்துபோகலாம், தங்கலாம், தொழில் நடத்தலாம், வீடு வாங்கலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இதெல்லாம் வாங்க முடியாது. தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்று நிரூபிக்கும் காகிதத்தைத் தேடி எடுப்பதுதான் பெரிய பாடாக இருந்ததாம், பழைய பிறப்புச் சான்றிதழ்களுக்காக அக்காவே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறார். அதன் பிறகு இடம் தேடும்போது ஒரு தரகர் ரப்பர் தோட்டத்தோடு சேர்ந்த வீட்டைக் காட்டி, “அதெல்லாம் வேற பேர்ல எழுதிக்கலாம் சார்” என்றாராம். இவர்கள் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே இடம் பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து இவர்களைப் போல உறுதியாக இருங்கள். அடுத்தவர் பெயரில் நிலத்தை எழுதிவிட்டுப் பணத்தையும் நிம்மதியையும் தொலைத்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

சரி, சாப்பாடு. வீட்டு வாடகையில் காலைச் சாப்பாடு சேர்ந்தது, மதியமும் ராத்திரியும் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள். சமையலறையில் ரெண்டு பேர். ஒருவர் அக்கா, இன்னொருவர் பக்கத்து விளையிலிருந்து (தோப்பிலிருந்து) வரும் ஒரு பெரியம்மா. பெரியம்மா கை வைத்தது எங்கள் ஊர்ச் சாப்பாடு: புட்டு, பயறு, பப்படம், கூடவே மட்டிப்பழம். மட்டி குமரிக்கே உரியது, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, வெளியூர்க்காரர்கள் இங்கே வந்துதான் சாப்பிடவேண்டும், ஏனென்றால் பழுத்தால் ரொம்ப நாள் தாங்காது, வாங்கிக் கொண்டுபோகத் தோதுப்படாது. மதியம் தேங்காய் அரைத்து, மாங்காய் போட்ட அயிலைக் கறி, அதற்கு மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) மயக்கியது. ஒரு நாள் சாளை பொரித்தார்கள், ஒரு நாள் உளுந்தங்கஞ்சி. “மக்களே, ரெண்டு துண்டு கூட வைக்கட்டா” என்று பெரியம்மா என் மகளிடம் கேட்டுக்கொண்டே வைத்துவிடுவார், வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

அக்கா கை வைக்கும் நாள் வேறு. ஞாயிற்றுக்கிழமை நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பக்கத்தில் சம்பல், பொரித்த நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, வெள்ளரி, அவித்த முட்டை. பண்டான் இலையைக் கொல்லையில் கிணற்றடியிலேயே வளர்த்துவைத்திருக்கிறார். நெத்திலி குளச்சலில் வாங்கியது, மலேசியாவில் கிடைப்பதைவிட இது ஒரு படி மேல் என்று அவரே சொல்கிறார், நான் சொல்லவில்லை. எனக்கு இதில் பிடித்தது அவர் எதையும் சேர்த்துக் குழப்பாததுதான். புட்டோடு சம்பல், சம்பலோடு அவியல் என்று புதுசாக எதையாவது செய்து காட்டுகிற ஆசை இந்த வீட்டில் இல்லை. குமரிச் சாப்பாடு ஒரு நாள், மலேசியச் சாப்பாடு ஒரு நாள், ரெண்டும் அததன் ருசியில். காலையில் எழுந்து வந்தால், “பசியாறிட்டீங்களா?” என்று அக்கா கேட்பார். இன்னொரு பக்கத்திலிருந்து பெரியம்மா, “சாயா எடுக்கட்டா?” என்பார். ரொட்டி சானாய் ஒரு நாள் போட்டார், மகள் அதற்காகவே மறுபடி போகவேண்டும் என்கிறாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் சொல்ல விரும்புவது அந்த விடியற்காலை நடை. கேட்டால் மட்டும் கூட்டிப் போவார்கள், கட்டணம் கிடையாது, வெட்டுக்காரருக்கு நாமாக ஏதாவது கொடுத்தால் போதும். இருட்டிலேயே கிளம்பவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெலிதாகச் சீவி, சரிவாக ஒரு கோடு இழுத்து, பால் வந்து சிரட்டையில் சொட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அப்புறம் அந்தப் பாலை அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக எடுத்து, புகை போடுவது வரை காட்டினார்கள். ரப்பர் விலை ஏறினால் ஊர் சிரிக்கும், இறங்கினால் ஊர் வாடும் என்பது எங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே காதில் விழுந்த பேச்சு. ஆனால் நாகர்கோவில் டவுனில் வளர்ந்த நான் ஒரு மரத்தில் கத்தி விழுவதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அங்கேதான். அண்ணா அந்தக் கத்தியை வாங்கி ஒரு மரத்தில் போட்டுக் காட்டினார், வெட்டுக்காரர் தலையாட்டிச் சரி என்றார்.

குறைகளையும் எழுதியே ஆகவேண்டும். கொசு. ரப்பர் தோட்டத்தில் சிரட்டையில் தண்ணீர் நின்றால் கொசு வரத்தான் செய்யும், இவர்கள் வலையும் திரியும் எல்லாம் வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் சாயங்காலம் முற்றத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஒட்டுப்பால், அதாவது சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர் பால், நாற்றம் வரும். பழகாதவர்களுக்குக் குமட்டும், என் கணவருக்கு முதல் நாள் சாப்பாடு இறங்கவில்லை. மழை பிடித்தால் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் மின்விசிறிக்குத் தாங்கும், ஏசிக்குத் தாங்காது. வெந்நீர் சூரிய ஒளியில் சூடாகிற வகை, ரெண்டு நாள் மூடாப்பாக இருந்தால் வெதுவெதுப்புதான் வரும், அடுப்பில் வைத்து வாளியில் கொண்டுவந்து தருகிறார்கள் என்றாலும் இந்த வாடகைக்கு ஒரு ஹீட்டர் போட்டிருக்கலாம். அக்காவிடமே சொன்னேன், குறித்துக்கொண்டார். கடைசி அரை கிலோமீட்டர் பாதை குறுகல், ஏற்றம் வேறு. பெரிய வண்டி எதிரே வந்தால் யாராவது பின்னால் போகத்தான் வேண்டும். வேலையை மடிக்கணினியில் கொண்டுவருகிறவர்கள் போனில் சிக்னலை நம்பாதீர்கள், வீட்டு வைஃபை மட்டும்தான், அதுவும் கரண்டோடு போய்விடும்.

தொழில் எப்படிப் போகிறது என்று அக்காவிடம் ஒரு ராத்திரி விரிவாகக் கேட்டேன். என் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான், ஐம்பதை நெருங்குகிறான், ஊருக்கு வந்து இதுபோல ஒன்று ஆரம்பிக்கலாமா என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். குமரியில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள், இந்தக் கேள்வி நிறையப் பேரிடம் இருக்கும். அக்கா எதையும் மறைக்காமல் சொன்னார். அண்ணாவுக்கு 55 ஆனதும் மலேசியச் சேமநிதியை எடுக்க முடிந்தது, அதில் ஒரு பங்கைத்தான் வீட்டில் போட்டார்கள், மிச்சத்தைத் தொடவில்லை. வீட்டை வாங்கிய செலவைவிட அதைச் சரிசெய்த செலவுதான் கணக்கைத் தாண்டிப் போனது. கூரை வேலை எடுத்த ஒருவர் பாதியில் விட்டுப் போய்விட்டார், அந்த ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியபோது ராத்திரி முழுக்கப் பாத்திரத்தை வைத்து வைத்து எடுத்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு என்பது இடம் பார்க்க வரும்போது அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம். ஜூனில் ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. அதனால் ஆட்கள் நன்றாக வருவது டிசம்பர், ஜனவரியிலும் மே மாதத்திலும்தான், அப்புறம் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களைப் பார்க்க வருகிறவர்கள். ஓடியே போய்க் கும்பிடுகிற பன்னிரண்டு சிவன் கோயிலில் திற்பரப்பு மூன்றாவது. “கோவிந்தா, கோபாலா” என்று கூப்பிட்டுக்கொண்டு ராத்திரியில் கூட்டம் கூட்டமாக ஓடுகிறவர்களுக்கு இவர்கள் வாசலில் பானகமும் மோரும் வைக்கிறார்கள். மற்ற மாதங்களில் நாலில் ரெண்டு அறை நிறைந்தாலே பெரிது.

வருமானம் வேலைக்காரருக்கும் கரண்டுக்கும் பராமரிப்புக்கும் போக வீட்டுச் செலவுக்குச் சரியாக இருக்கிறது, சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இதை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது, எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வந்ததால் சமாளிக்கிறோம் என்றார். காகித வேலையும் குறைவில்லை. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதியவேண்டும், உணவுக்குத் தனிப் பதிவு. மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர வேண்டுமானால் ஆறு அறைக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே குடியிருக்கவும் வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் இந்த வீட்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதிலேயே முக்கியமானது. எங்கள் பக்கத்தில் ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டியிருக்கும் எத்தனையோ இடங்களில் வீட்டுக்காரர் துபாயிலோ சென்னையிலோ இருப்பார். சாவியைக் கொடுக்க ஒரு பையன் வருவான், தண்ணீர் வரவில்லை என்றால் அவன் போனை எடுக்கமாட்டான். இங்கே அவர்கள் அந்தக் கூரைக்குக் கீழேயே தூங்குகிறார்கள், நாம் குடிக்கிற கிணற்றுத் தண்ணீரைத்தான் அவர்களும் குடிக்கிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தபோது அண்ணா வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார், மருத்துவமனையில் விடியும்வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார், பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவிடவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். அதே சமயம் நம்மைச் சுற்றிச் சுற்றி வந்து தொந்தரவு செய்கிறவர்களும் இல்லை, திண்ணையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் அந்தப் பக்கமே வருவதில்லை.

இன்னொன்று, இவர்கள் வெளியே இருந்து வந்தவர்கள் என்பதால் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். எந்த மீன் எந்த மாதம் நன்றாக இருக்கும், அக்கானி (பதநீர்) எப்போது இறக்குவார்கள், கோயிலில் நடை எப்போது சாத்துவார்கள், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரவேற்பறை மேசையில் வைத்திருக்கிறார் அக்கா. ஒவ்வொன்றையும் யார் சொன்னார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது: ‘மீன் கொண்டு வரும் பாட்டி’, ‘பஸ் கண்டக்டர் தம்பி’ என்று. அம்மா அந்த நோட்டில் சிதறால் மலை ஏறும் வழியில் நிழல் எங்கே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தார்.

மஸ்கட் அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: நீயும் அண்ணியும் அந்த வீட்டிலேயே இருப்பதாக இருந்தால் ஆரம்பி, ஆள் வைத்து நடத்தலாம் என்று நினைத்தால் வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வாரம் இங்கே வந்து தங்கு, அதுவும் ஜூலையில், மழையில். அக்காவும் சரி என்றிருக்கிறார், சமையலறையில் கூட நின்று வேலை பார்க்கச் சம்மதம் என்றால் அறை வாடகையில் குறைத்துக்கொள்கிறாராம்.

நாங்கள் கொடுத்தது இரண்டு பேர் தங்கும் அறைக்கு ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. செயலி வழியாகப் போட்டால் கமிஷன் சேர்ந்து கூடுகிறது, ஒருமுறை தங்கியவர்கள் அடுத்த தடவை நேராகக் கூப்பிடலாம். ரயிலில் வருகிறவர்கள் குழித்துறையில் இறங்குங்கள், விமானம் என்றால் திருவனந்தபுரம்தான் பக்கம். வயசானவர்களோடு போனால் கீழ் அறையைத்தான் கேட்கவேண்டும், ஏசி வேண்டும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். மீன் சாப்பிடாதவர்கள் முந்தின நாள் சொன்னால் பெரியம்மா தீயலும் எரிசேரியும் வைத்துத் தருவார். நாசி லெமாக் ஞாயிறு மட்டும்தான், அதற்குத் தகுந்தபடி நாளைப் பார்த்துப் போடுங்கள்.